அகத்தியர்கூடத்திற்கு ஏறும் வழி

திருவனந்தபுரத்தின் கிழக்குக் கோட்டைக்கு அப்பால், சாலைக் கடைத்தெருவை ஒட்டி அமைந்துள்ள வலியசாலை, காந்தளூர் மகாதேவர் கோயிலாலும் அதைச் சுற்றித் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களின் தெருக்களாலும் அறியப்பட்ட பகுதியாகும். இதன் அருகே கிள்ளிப்பாலத்தின் அடியில் ஓடும் கிள்ளியாறு, நகரின் தெற்கில் கரமனை ஆற்றோடு கலக்கிறது. கரமனை ஆறோ மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், தமிழர் பொதிகை என்றும் மலையாளிகள் அகத்தியர்கூடம் என்றும் வழங்கும் 1,868 மீட்டர் உயரச் சிகரத்தை அடுத்த காடுகளில் தோன்றுகிறது. அந்த ஆற்றை அருவிக்கரையில் தேக்கி, வைஸ்ராய் வில்லிங்டனின் பெயரிட்ட குடிநீர்த் திட்டத்தின் வழியாக 1933 முதல் நகருக்குக் குழாய்நீர் வழங்கப்பட்டது. தேவை பெருகியபோது 1983இல் அதன் மேல்பகுதியில் பேப்பாறை அணை எழுந்தது. வலியசாலையின் வீடுகளுக்கு அகத்தியர்கூடம் புராணத்தில் வரும் ஒரு மலை மட்டுமன்று, அன்றாடம் பருகும் நீரின் பிறப்பிடமும் ஆகும். ஆகவே அம்மலைக்கு யார், எப்போது, எத்தனை பேர், யாருடைய வழிகாட்டலில் செல்லலாம் என்ற கேள்வி, இந்நகரத்தின் வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாதது.

இக்கேள்விக்கு இன்று வழங்கும் பெயர் சூழல் சுற்றுலா என்பதாகும். இயற்கைப் பகுதிகளுக்குச் செல்லும்போது அங்குள்ள உயிர்ச்சூழலுக்குக் கேடு நேராமலும், அங்கு வாழும் மக்களுக்கு அப்பயணத்தால் நன்மை விளையுமாறும், செல்பவர் அவ்விடத்தைப் பற்றிய அறிவோடு திரும்புமாறும் அமைத்துக்கொள்ளும் பயணமுறையை இச்சொல் குறிக்கும். மெக்சிகோ நாட்டுக் கட்டடக் கலைஞர் ஹெக்டர் செபாயோஸ் லாஸ்குராயின் 1983இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். ஐக்கிய நாடுகள் அவை 2002ஐ இதற்குரிய ஆண்டாக அறிவித்தது. இவ்விரண்டுக்கும் இடையே, 1990களின் இறுதியில், திருவனந்தபுரத்திலிருந்து எழுபது கிலோமீட்டர் அளவில், செந்துருணி வனவிலங்குச் சரணாலயத்தை ஒட்டிய தென்மலையில், இந்தியாவின் முதல் திட்டமிட்ட சூழல் சுற்றுலாத் தலம் தொடங்கப்பட்டது. எனினும் பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அகத்தியர்கூடத்துக்குப் பயணிகள் சென்றுவந்தனர். தென்மலையைக் காட்டிலும் அந்தப் பழைய வழியின் வரலாறே இப்பொருளைப் புரிந்துகொள்ள மிகுதியும் துணைசெய்கிறது.

சங்க இலக்கியம் இம்மலையைப் பொதியில் என்று குறிக்கிறது. இதன் தலைவனாக ஆய் அண்டிரனைப் புறநானூற்றுப் புலவர்கள், குறிப்பாக உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், போற்றியுள்ளனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த புவியியலாளர் தாலமி, ஆய் நாட்டையும் பெத்திகோ என்ற மலையையும் குறிப்பிடுவது இதனோடு பொருந்துகிறது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்க்கு இடமளிக்கும் சாலை ஒன்றை நிறுவியபோது, அதற்கு முன்மாதிரியாகக் காந்தளூர்ச் சாலையையே கொண்டான் என்பதை அவனுடைய செப்பேடு தெரிவிக்கிறது. சாலை என்பது இங்கே உணவும் உறையுளும் தந்து வேதமும் பிற கலைகளும் கற்பித்த கல்விநிலையத்தைக் குறிக்கும். இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்ற அந்தக் காந்தளூரை வலியசாலையோடு இணைத்துக் காண்போர் ஆய்வாளருள் பலர். வேறு இடங்களைச் சுட்டுவோரும் உளர். எவ்வாறாயினும், பொதியிலின் அடிவாரத்து அரசே இக்கல்விநிலையங்களின் புரவலராக இருந்தது என்பதில் ஐயமில்லை.

தமிழ் மரபு அகத்தியரை இம்மலையில் அமர்த்தியது. பதினோராம் நூற்றாண்டின் வீரசோழியம் போதிசத்துவரான அவலோகிதரிடமிருந்து அகத்தியர் தமிழ் கேட்டதாகக் கூற, அவலோகிதரின் உறைவிடமான போதலகமலை பொதிகையே என்று கருதும் ஆய்வாளரும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், போதலகமலைக்கு வழி கடினமானது என்றும், உச்சியை அடைபவர் வெகு சிலரே என்றும் எழுதிவைத்தார். மலையின் செங்குத்தும், யானைக் காடும், ஆண்டில் பெரும்பகுதி பெய்யும் மழையும் சேர்ந்து பயணியரின் எண்ணிக்கையை எவருடைய ஆணையுமின்றியே குறைத்துவைத்திருந்தன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இம்மலையில் பொழிவதால், மார்கழி கழிந்தபின் கோடையின் காட்டுத்தீக் காலம் தொடங்குமுன் உள்ள சில வாரங்களே ஏறுவதற்கு ஏற்றவை. தை தொடங்கிச் சிவராத்திரி வரையான பயணக் காலம் என்ற வழக்கம் இந்த வானிலையிலிருந்தே பிறந்தது.

இவ்வழியைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் காணிக்காரர் எனப்படும் பழங்குடியினர். அவர்களுடைய குடியிருப்புகள் கேரளப் பக்கத்தில் கோட்டூர், போனக்காடு, விதுரா ஆகியவற்றை அடுத்த காடுகளிலும், தமிழகப் பக்கத்தில் மயிலாறு, இஞ்சிக்குழி, சேர்வலாறு ஆகிய இடங்களிலும் பரவியுள்ளன. ஊர்த்தலைவரை மூட்டுக்காணி என்றும், மருத்துவமும் சடங்கும் அறிந்தவரைப் பிலாத்தி என்றும் அழைப்பர். பிலாத்தி நோய் தீர்க்கும் இரவில், பற்கள் வெட்டிய இரும்புக் குழலான கொக்கரையை ஓர் இரும்புக் கம்பியால் உரசி ஒலி எழுப்பியவாறு விடியும்வரை சாற்றுப்பாட்டுப் பாடுவார். அப்பாட்டில் மலைகளும் ஆறுகளும் தெய்வங்களும் வரிசையாக அழைக்கப்படும். புனம் எரித்து வரகும் மரவள்ளியும் விளைவித்து, சில ஆண்டுகளில் நிலத்தைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் செல்வது அவர்களது பழைய வாழ்முறை. திருவிதாங்கூர் அரசோடு அவர்களுக்கிருந்த உறவு ஓணக் காழ்ச்சையில் இன்றும் வெளிப்படுகிறது: தேனும் மூங்கில் பொருள்களும் பிற காட்டு விளைவும் சுமந்துகொண்டு அவர்கள் கவடியார் அரண்மனைக்கு வந்து, அரச குடும்பத்தாரைக் கண்டு, பரிசு பெற்றுத் திரும்புவர். மலைக்குச் செல்லும் பயணத்தைப் பற்றியே பேசுபவர்கள், மலையிலிருந்து நகருக்கு வந்த இந்தப் பயணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். காட்டுக்குள் வரும் அதிகாரிகளுக்கும் யாத்திரிகர்களுக்கும் வழிகாட்டுவதும் காணிக்காரரின் கடமை என்றே கருதப்பட்டது. அதற்குரிய ஊதியம் என்ன என்று கேட்டவர் அக்காலத்தில் அரிது.

இன்றைய பாதை திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சென்று, கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டத்தை உடைய போனக்காட்டில் தொடங்குகிறது. அங்கிருந்து கரமனையாறு, வாழப்பைந்தியாறு, அட்டையாறு என ஓடைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கிட, ஏழுமடக்குத்தேரி என்ற வளைவுகள் நிறைந்த ஏற்றமும், முழங்கால் முட்டும் அளவு செங்குத்தானதால் முட்டிடிச்சான்தேரி எனப் பெயர்பெற்ற ஏற்றமும் கடந்து அதிருமலை முகாமை அடையலாம். மறுநாள் காலையில் பொங்காலைப்பாறையைத் தாண்டி உச்சிக்கு ஏறுவர். தமிழ்நாட்டு யாத்திரிகர் அப்பாறையில் பொங்கலிட்டு, உச்சியிலுள்ள அகத்தியர் திருவுருவுக்கு நீரும் பாலும் ஆட்டி வழிபடுவது வழக்கமாக இருந்தது. பாபநாசத்திலிருந்து காரையாறு, இஞ்சிக்குழி, கன்னிக்கட்டி வழியாகத் தாமிரபரணியின் ஊற்றுக்கண் பகுதிகளைக் கடந்து ஏறும் கிழக்கு வழியே நெல்லைச் சீமை மக்களின் பழைய வழி. தமிழக வனத்துறை அதை அடைத்தபின், அவர்களும் மேற்குப் பக்கம் சுற்றிவந்து போனக்காட்டிலிருந்தே ஏறுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பக்தி அல்லாத நோக்கத்தோடும் இம்மலைக்கு ஏறத் தொடங்கினர். சுவாதித் திருநாள் காலத்தில், 1830களில், ஜான் கால்டிகாட்டின் பொறுப்பில் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852இல் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரௌன், புவியின் காந்தப் புலம் உயரத்துக்கு ஏற்ப மாறுகிறதா என்று அறிய விரும்பி, 1855இல் அகத்தியர்கூடத்தின் உச்சியிலேயே ஓர் ஆய்வகம் கட்டினார். கடல்மட்டத்தை அடுத்த நகரிலும் ஆறாயிரம் அடி உயரத்திலும் காந்த ஊசியின் திசை விலகலை ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுவதே நோக்கம். உள்ளூர்ப் பணியாளர்கள் மேகமும் காற்றும் குளிரும் சூழ்ந்த சிகரத்தில் தங்கி அளவுகளைப் பதிந்தனர். அப்பதிவுகள் 1874இல் நூலாக வெளிவந்தன. பிரௌன் 1865இல் நாடு திரும்பினார். மலையுச்சி ஆய்வகமும் அழிந்தது. கருவிகளும் கட்டடப் பொருள்களும் உணவும் மனிதர் தோளில்தான் அவ்வுயரத்துக்குச் சென்றிருக்க முடியும் என்பதை நினைக்கையில், அந்த நூலின் அட்டவணைகளுக்குப் பின்னால் உள்ள பெயரற்ற உழைப்பு கண்முன் நிற்கிறது.

அதே 1865இல்தான் அகத்திய மலைக் காடுகளில் கர்னல் ஹீபர் டிரூரி ஓர் ஆர்க்கிட் செடியைக் கண்டார். செருப்பின் முனைபோல் குழிந்த உதடும், மஞ்சள் இதழ்களின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் கரும்பழுப்புக் கோடும் உடைய அம்மலருக்குப் பாபியோபெடிலம் டிரூரியை என்று அவர் பெயரே வழங்குகிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத இச்செடி, மலையின் புல்வெளிச் சரிவுகளில் வெயில்படும் இடங்களில் கூட்டமாக வளரும். இதற்கு ஐரோப்பியத் தோட்டங்களில் விலை உண்டு என்று தெரிந்ததும், திரட்டுவோர் சரிவுகளை வேரோடு வழித்தெடுத்தனர். தீயும் தன் பங்கைச் செய்தது. பல பத்தாண்டுகள் இது அற்றுப்போனதாகவே கருதப்பட்டு, 1970களில்தான் மீண்டும் காணப்பட்டது. மலைமீது அன்பு கொண்டு ஏறியவரும், அறிவு வேண்டி ஏறியவரும் கூட, கையில் எதை எடுத்துக்கொண்டு இறங்கினர் என்பதைப் பொறுத்தே அப்பயணத்தை மதிப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இம்மலையில் இல்லை.

இதற்கிடையே திருவிதாங்கூர் அரசு 1880களின் பிற்பகுதியில் காட்டுச் சட்டம் இயற்றிக் காப்புக்காடுகளை வரையறுக்கத் தொடங்கியது. காப்புக்காடு என்பது மரம் வெட்டுதல், மேய்த்தல், குடியேறுதல் ஆகியவற்றை அரசு தன் அனுமதிக்கு உட்படுத்திய காடு. அரசுக்குத் தேவைப்பட்டது தேக்கும் ஈட்டியும் தரும் வருவாய். காணிக்காரரின் புனம் எரிப்பும் இடப்பெயர்வும் குறைந்தது அதன் விளைவு. இந்திய விடுதலைக்குப் பின் நெய்யாறு 1958இலும் பேப்பாறை 1983இலும் சரணாலயங்களாயின. கிழக்குச் சரிவில் களக்காடும் முண்டந்துறையும் 1988இல் ஒரே புலிகள் காப்பகமாயின. மாநில எல்லையின் இருபுறமும் சுமார் 3,500 சதுர கிலோமீட்டர் பரப்பை அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக 2001இல் இந்திய அரசு அறிவிக்க, 2016இல் யுனெஸ்கோ அதைத் தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர இனங்களும், அவற்றுள் இம்மலைக்கே உரியவை ஏறத்தாழ நானூறும் இங்கே உள்ளன என்பது அந்த ஏற்புக்கு ஒரு காரணம்.

இம்மலைப் பயணத்தின் வரலாற்றில் மிகவும் எண்ணத்தக்க நிகழ்வு 1987இன் இறுதியில் நடந்தது. தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையில் பழங்குடியினரின் தாவர அறிவைத் திரட்ட வந்த ஆய்வுக்குழு ஏற்றத்தில் களைத்து நின்றபோது, வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் சிறு காய்கள் சிலவற்றை மென்றுகொண்டு தளர்ச்சியின்றி நடந்தனர்; கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினர், பின்னர் அச்செடியைக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து, பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1990களின் நடுவில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குப் பத்து இலட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் விற்பனையில் இரண்டு விழுக்காட்டுக்கும் உரிமம் வழங்கியது. அவ்வருவாயில் பாதியைக் காணிச் சமுதாயத்துக்குத் தருவது என்ற முடிவும், அதற்காக 1997இல் பதிவுசெய்யப்பட்ட அறக்கட்டளையும், பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கை அளிக்கும் முயற்சிகளில் உலகின் முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டன. 2002இல் ஜோகன்னஸ்பர்க்கில் இம்முயற்சிக்காகப் புஷ்பாங்கதனுக்கு ஐக்கிய நாடுகளின் பூமத்தியரேகைப் பரிசும் கிடைத்தது. ஆனால் பிலாத்திகள் சிலர் தம் மரபறிவு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டதை எதிர்த்தனர். மற்றக் குடியிருப்புகளைச் சேர்ந்த காணிக்காரர் தங்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்றனர். தேவை கூடியபோது செடி காட்டிலிருந்து களவாகப் பறிக்கப்பட்டதால் வனத்துறையும் தடை எழுப்பியது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ஏற்பாடும், யார் சார்பில் யார் ஒப்புதல் தருவது என்பதை முதலிலேயே தீர்க்காவிட்டால் தடுமாறும்.

ஏறுவோர் தொகை பெருகத் தொடங்கிய பின், பழைய இயற்கைத் தடைகள் செய்துவந்த வேலையை விதிகள் ஏற்றுக்கொண்டன. சனவரி நடுவில் தொடங்கிச் சில வாரங்கள் மட்டுமே பாதை திறக்கும். நாள் ஒன்றுக்கு நூறு பேர் என்ற அளவில் வனத்துறை அனுமதிச் சீட்டு வழங்கும். குழுவோடு வழிகாட்டி செல்வார். நெகிழிப் பொருள்களும் மதுவும் புகையிலையும் கொண்டுசெல்லக் கூடாது. போனக்காட்டுச் சோதனைச் சாவடியில் பைகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப்படும். நூறு என்ற எண்ணைச் சிறிதென்று முணுமுணுப்போர் அதிருமலை முகாமின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும்: ஒரே ஓடையின் நீரும், ஒரே கூரையும், யானைத் தடுப்பு அகழிக்குள் அடங்கிய சிறு வெளியுமே அங்கு உண்டு, நூறு பேரின் கழிவு அந்த ஓடையில் கலந்தால் அது சேரும் இடம் கீழேயுள்ள அணைகள்தான்.

எனினும் விதிகளுள் ஒன்று காப்போடு தொடர்பற்றதாக இருந்தது. பெண்களும் பதினான்கு வயதுக்குட்பட்டோரும் ஏறக் கூடாது என்று அறிவிப்பு ஆண்டுதோறும் கூறிவந்தது. அகத்தியர் துறவி என்பதால் பெண்கள் அவர் இருப்பிடத்தை நெருங்கலாகாது என்பது காணிக்காரரின் நம்பிக்கை. வனத்துறையோ பாதையின் கடுமையைக் காரணமாகக் காட்டியது. பெண்ணின் காலடி ஆணின் காலடியைவிடப் புல்வெளியை மிகுதியாக மிதிப்பதில்லை. ஆகவே வழிபாட்டு நம்பிக்கையைக் காட்டுப் பாதுகாப்பின் மொழியில் எழுதிவைத்தது, இரண்டுக்குமே நேர்மையன்று. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பாலின அடிப்படையிலான இத்தடை செல்லாது என்று தீர்ப்பளிக்க, 2019 சனவரியில் பெண்கள் அனுமதி பெற்று ஏறினர். காணிக்காரர் போனக்காட்டில் கூடி, யாரையும் தடுக்காமல், வழிபாட்டுப் பாடல்களால் தம் வருத்தத்தைத் தெரிவித்தனர். உச்சியில் பூசை நடத்துவதற்கும் பின்னர்த் தடை வந்தது. தம் தெய்வத்தின் இடத்தைப் பற்றிய எந்த முடிவிலும் முன்கூட்டியே தம்மிடம் பேசப்படவில்லை என்ற அவர்களது குறை, தீர்ப்பு சரியானதே என்று கொண்டாலும், நியாயமான குறைதான்.

பயணத்தின் வருவாய் யாருக்குச் சேர்கிறது என்பது இதனோடு பிணைந்த கேள்வி. சூழல் மேம்பாட்டுக் குழு எனப்படும், காட்டோரக் குடியிருப்பினரைக் கொண்டு வனத்துறை அமைக்கும் அமைப்பின் வழியாகக் காணிக்காரர் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெறுகின்றனர். போனக்காட்டிலும் அதிருமலையிலும் கஞ்சியும் பயறும் சோறும் தரும் உணவகங்களை அக்குழுக்களே நடத்துகின்றன. பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990களின் பிற்பகுதியில் வயணா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தவர்களையே வழிகாட்டிகளாக்கிய முயற்சி இதற்கு வழிகாட்டியாக நின்றது. எனினும் மலையின் மூத்த குடிகள் சில வாரங்களுக்கு மட்டும் நாட்கூலி பெறும் ஊழியராக நிற்பதும், பயணக் காலத்தையும் எண்ணிக்கையையும் கட்டணத்தையும் வேறொருவர் முடிவுசெய்வதும் முழுமையான பங்கேற்பு ஆகாது. 2019இல் ஆயிரம் ரூபாயாக இருந்த கட்டணம் சில ஆண்டுகளில் இரண்டாயிரத்து ஐந்நூறை எட்டியது. இணையத்தில் முன்பதிவு தொடங்கிய சிறிது நேரத்திலேயே சீட்டுகள் தீர்ந்துவிடுகின்றன. இதனால் மலையேற்றத்தை உடற்பயிற்சியாகக் கருதும் நகரத்து இளைஞர்க்கு வாய்ப்பு கூட, நேர்த்திக்கடனாக ஏறிவந்த நெல்லை, குமரி மாவட்டத்துச் சிற்றூர் முதியவர் பின்தங்கிவிடுகிறார். எண்ணிக்கையைக் குறைப்பது மலைக்குத் தேவை. அந்தக் குறைந்த இடங்களைப் பணத்தாலும் கணினி விரைவாலும் பங்கிடுவது தேவையன்று. இடங்களில் ஒரு பகுதியைப் பழைய யாத்திரை மரபினர்க்கென ஒதுக்கி, அவர்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைக் காணிக் குடியிருப்புகளிடமே விட்டால், வழிகாட்டுவோர் என்ற அவர்களது பழைய தகுதி சொல்லளவில் நில்லாமல் செயலளவிலும் திரும்பும்.

மலையின் கிழக்கு அடிவாரத்தில் நிலைமை இதைவிடச் சிக்கலானது. காரையாற்றில் தாமிரபரணிக் கரையிலுள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு, புலிகள் காப்பகத்தின் உள்ளேயே, இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். பழைய சிங்கம்பட்டி ஜமீனோடு தொடர்புடைய இக்கோயில் தென்மாவட்டங்களின் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம் என்பதால், நாளைக்கு நூறு என்ற வரம்பை இங்கே நினைத்துப்பார்க்கவும் முடியாது. முன்பு குடும்பம் குடும்பமாகக் குடில் அமைத்து நாள்கணக்கில் தங்கிய வழக்கத்தை வனத்துறை சில நாள்களாகச் சுருக்கியது. தனியார் வாகனங்களைக் கீழேயே நிறுத்தி அரசுப் பேருந்துகளில் பக்தர்களை ஏற்றிச்செல்லும் முறையும், நெகிழிக்குத் தடையும், சோதனைச் சாவடிகளில் பைகளைப் பார்ப்பதும் வந்தன. குளித்தபின் பழைய துணிகளை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் மட்டும் பாபநாசத்தில் இன்னும் ஒழியவில்லை; திருவிழா முடிந்தபின் தன்னார்வலர்கள் ஆற்றின் பாறை இடுக்குகளிலிருந்து அத்துணிகளை மூட்டை மூட்டையாக எடுத்து அகற்றுகின்றனர்.